இனிப்பு எங்கிருந்து வந்தது என்று தமிழில் சொல்லுங்கள்

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கிறது காணை. இந்த ஒன்றியத்தில் ஒரு கரும்பு வயலுக்கு முதிர்ச்சி பார்க்கப் போயிருந்தேன். கரும்பு வெட்டுக்கு வந்துவிட்டதா என்பதைக் கைப் பிரிக்ஸ் மீட்டரில் பார்த்துவிடலாம். கரும்பில் ஊசியால் குத்தி, இரண்டு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருள் எத்தனை சதவீதம் என்று தெரியும். கரும்புச் சாற்றில் அதன் பெரும்பகுதி சர்க்கரைதான். அன்று நடுக்கணுவில் 20 காட்டியது. அடிக்கரும்புக்கும் நுனிக்கரும்புக்கும் அதிக வித்தியாசம் இல்லை. வெட்டலாம் என்றேன்.

வெயில் ஏறியிருந்தது. விவசாயி தன் பேரனைப் பெட்டிக்கடைக்கு அனுப்பினார். ஏழாம் வகுப்பு படிக்கும் பையன். பத்து ரூபாய் பாட்டில் மூன்று வாங்கி வந்தான். ஆளுக்கு ஒன்று. ஒரு வாய் குடித்த பெரியவர் முகத்தைச் சுளித்தார். "என்னா சார் இது, தித்திக்குது, ஆனா நாக்குல ஒட்டிக்கிட்டுப் போவ மாட்டேங்குது" என்றார்.

கையில் மீட்டர் இருந்தது. பாட்டிலில் இருந்து இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தோம். 5 காட்டியது. வழக்கமான சர்க்கரைக் குளிர்பானம் என்றால் 10-ஐ ஒட்டி இருக்கும். "கரும்புல 20, இதுல 5. அப்புறம் எப்படி சார் இவ்ளோ தித்திக்குது?" என்று அவர் கேட்டார். பையனிடம் பாட்டிலைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். பொடி எழுத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான். சர்க்கரை 100 மில்லிக்கு 4.8 கிராம். பிறகு சுக்ரலோஸ், அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்று இரண்டு பெயர்கள். அதற்குக் கீழே "நாட் ரெக்கமண்டட் ஃபார் சில்ட்ரன்". அப்படியென்றால் என்ன என்று அவனே என்னைக் கேட்டான். குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று பொருள் சொன்னேன். அதற்குள் அவன் பாட்டிலில் பாதி காலியாகி இருந்தது.

அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை என்று சொல்லலாம். பெயரையும் எச்சரிக்கையையும் அச்சடித்திருக்கிறது. ஆனால், காணையில் பத்து ரூபாய் கொடுத்து வாங்கியவருக்கு அது தெரியாமலே போனது. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது.

ஏன் நாக்கில் ஒட்டுகிறது?

செயற்கை இனிப்பூட்டிகள் புதியவை அல்ல. சாக்ரின் 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1965-ல் அஸ்பார்ட்டேம், 1967-ல் அசிசல்ஃபேம் வந்தன. 1976-ல் லண்டனில் சுக்ரலோஸ் கண்டறியப்பட்டதில் ஓர் இந்தியருக்குப் பங்கு உண்டு. சசிகாந்த் பட்னிஸ் என்ற ஆய்வு மாணவர், ஒரு பொருளைச் சோதித்துப் பார்க்கச் சொன்னதை, சுவைத்துப் பார்க்கச் சொன்னதாகக் காதில் வாங்கிக்கொண்டு நாக்கில் வைத்துவிட்டார். அப்படித்தான் அதன் இனிப்பு தெரியவந்தது. சுக்ரலோஸ் சர்க்கரையில் இருந்தே செய்யப்படுகிறது. சர்க்கரை மூலக்கூறில் மூன்று இடங்களில் குளோரினைப் பொருத்தினால், இனிப்பு ஏறத்தாழ 600 மடங்கு ஆகிவிடும். நம் உடல் அதைச் சர்க்கரைபோல் செரித்து ஆற்றலாக மாற்றுவதில்லை. அஸ்பார்ட்டேமும் அசிசல்ஃபேமும் சர்க்கரையைப்போலச் சுமார் 200 மடங்கு இனிப்பு. சாக்ரின் 300 மடங்குக்கு மேல்.

பெரியவர் சொன்ன குறை கற்பனை அல்ல. சர்க்கரையின் இனிப்பு நாக்கில் உடனே ஏறி, விரைவில் இறங்கிவிடும். சுக்ரலோஸ் போன்றவற்றின் இனிப்பு மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். சாக்ரினும் அசிசல்ஃபேமும் நாக்கின் கசப்பு உணரும் ஏற்பிகளையும் தூண்டுவதால் கடைசியில் லேசான கசப்பு தெரியும். ஒன்றின் குறையை இன்னொன்று மறைக்கட்டும் என்றுதான் இரண்டு மூன்றைக் கலக்கிறார்கள். சர்க்கரை பானத்துக்கு ஒரு கெட்டித் தன்மையையும் தரும். அதைப் பாதியாகக் குறைத்தால் பானம் நீர்த்துப்போனதுபோல் இருக்கும். "முன்ன மாதிரி இல்ல" என்று கடையில் பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நாற்பது காசுக் கணக்கு

நிறுவனம் ஏன் இப்படிச் செய்கிறது? உடல்நலம் ஒரு காரணம், விலை இன்னொரு காரணம். 200 மில்லி பானத்தில் முழுக்கச் சர்க்கரை போட்டால் 20 கிராம் வேண்டும். சர்க்கரை கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 80 காசு. பாதியைக் குறைத்தால் 40 காசு மிச்சம். குறைத்த 10 கிராம் சர்க்கரையின் இனிப்பை ஈடுகட்ட 17 மில்லிகிராம் சுக்ரலோஸ் போதும். அதன் விலை சில காசுகளுக்குள் அடங்கிவிடும். ஒரு பாட்டிலுக்கு இது அற்பம். கோடி பாட்டிலுக்கு அற்பம் அல்ல.

இதையே வயல் கணக்காகப் பார்க்கலாம். ஒரு கிலோ சுக்ரலோஸ் 600 கிலோ சர்க்கரையின் இனிப்பைத் தரும். 9.5 சதவீதக் கட்டுமானத்தில் 600 கிலோ சர்க்கரை எடுக்க 6.3 டன் கரும்பு வேண்டும். ஏக்கருக்கு 40 டன் விளைச்சல் என்றால், அது சுமார் 16 சென்ட் நிலத்தின் ஓராண்டுக் கரும்பு. நட்டு, களையெடுத்து, மண் அணைத்து, சோகை உரித்து, வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து அனுப்பும் 16 சென்ட் கரும்பின் இனிப்பு ஒரு கிலோ பொட்டலத்தில் அடங்கிவிடுகிறது.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் கரும்புப் பரப்பு குறைந்ததற்கு இந்தப் பொட்டலம் காரணம் அல்ல. வறட்சி, ஆலைகள் வைத்த நிலுவை, வெட்டுக்கூலி, ஆள் தட்டுப்பாடு, செவ்வழுகல் நோய் ஆகியவைதான் காரணங்கள். இந்தியாவின் சர்க்கரைப் பயன்பாடு ஆண்டுக்குச் சுமார் 280 லட்சம் டன். இனிப்பூட்டிகள் அதைச் சாய்த்துவிடவில்லை. கரும்பு விவசாயியின் எல்லாத் துன்பங்களையும் குளிர்பானப் பாட்டிலின் மேல் ஏற்றினால் உண்மையான காரணங்கள் தப்பித்துக்கொள்ளும். நான் பேசுவது விவசாயியின் வருமானத்தைவிட, அவரும் சேர்ந்து நுகர்வோராக நிற்கும் இடத்தைப் பற்றி.

தசமத்தில் அளக்கப்படும் இனிப்பு

கரும்பு விவசாயிக்கு விலை எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்று பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாய ஆதாய விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன் ஒன்றுக்கு ரூ.3,550. கட்டுமானம் 0.1 சதவீதம் கூடினால் டன்னுக்கு ரூ.34.60 கூடும், குறைந்தால் அதே தொகை குறையும். 9.5-ம் அதற்குக் கீழும் என்றால் ரூ.3,290.50. தமிழக விவசாயிகளில் பெரும்பாலோருக்கு இந்தக் கடைசி விலைதான் அமைகிறது. இந்தக் குறையை ஈடுகட்டவே மாநில அரசு சிறப்பு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25 அரவைப் பருவத்துக்கு அது டன்னுக்கு ரூ.349.

கரும்பில் இருக்கும் இனிப்பை ஒரு தசம இடம் வரை அளந்து, அதன்படி காசு கொடுக்கிறோம். 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதில் இருந்து, இந்த ஒரு தசமத்தைக் கூட்டத்தான் எத்தனையோ விஞ்ஞானிகள் உழைத்திருக்கிறார்கள். இங்கே வயல்களில் நிற்கும் கோ 86032 அந்த உழைப்பில் பிறந்த ரகம். முண்டியம்பாக்கத்தில் தனியார் ஆலை, பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை என எங்கே கரும்பு போனாலும் ஆய்வகத்தில் அதன் சாறு அளக்கப்படுகிறது.

அதே இனிப்பு கடைக்கு வரும்போது இந்தக் கண்டிப்பு எங்கே போகிறது? அன்று நாங்கள் பார்த்த பாட்டிலில் இனிப்பூட்டியின் பெயர் இருந்தது. எத்தனை மில்லிகிராம் என்பது இல்லை. விற்பவரிடம் தசமத்தில் கணக்குக் கேட்கும் நாடு, வாங்குபவருக்கு முழு எண்ணில்கூடக் கணக்குச் சொல்லவில்லை.

விஷமா, மருந்தா?

"இதெல்லாம் புற்றுநோய் வரவைக்கும்" என்று ஒரு பக்கம் பகிர்கிறார்கள். "சர்க்கரைதான் விஷம், இது பாதுகாப்பு" என்று இன்னொரு பக்கம் விளம்பரம் செய்கிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல.

2023-ம் ஆண்டு இதில் முக்கியமானது. அந்த ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ வாழ்க்கைமுறை நோய்களைத் தடுக்கவோ இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. நீண்டகாலத்தில் எடை குறைவதற்குச் சான்று இல்லை என்பதே அதன் அடிப்படை. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டுதல் பொருந்தாது என்றும் அதுவே சொன்னது. ஜூலையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அஸ்பார்ட்டேமை 2பி வகையில் வைத்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று குறைவு என்பதே அந்த வகையின் பொருள். உணவுச் சேர்ப்புப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழு அப்போதும் பழைய வரம்பை மாற்றவில்லை. ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்பது அந்த வரம்பு.

நம் ஊரில் சர்க்கரை நோயின் அளவையும் மறக்கக் கூடாது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு இருக்கிறது. விழுப்புரத்தை ஒட்டியிருக்கும் புதுச்சேரியில் அது 26.3 சதவீதம். தேநீரிலும் காபியிலும் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக் குடித்த நீரிழிவு நோயாளிகளிடம் 12 வாரம் நடந்த சென்னை ஆய்வு ஒன்று, 2024-ல் வெளியானது. ரத்தச் சர்க்கரையில் பாதிப்பு தெரியவில்லை, எடை சற்றுக் குறைந்தது என்பது அதன் முடிவு. மருத்துவர் ஆலோசனையோடு, தெரிந்தே அளவாகப் போட்டுக்கொள்ளும் நோயாளிக்கு இது உதவலாம். அதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

ஆனால் "தெரிந்தே" என்ற சொல்தான் இங்கே முக்கியம். அந்த நோயாளி தானே தேர்ந்தெடுக்கிறார். காணைப் பையன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. வரம்பும் உடல் எடையைப் பொறுத்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு உள்ள வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான் 20 கிலோ குழந்தைக்கு. குளிர்பானம், பிஸ்கட், மிட்டாய், சுவையூட்டிய தயிர் என்று ஒரே நாளில் பல வழிகளில் உள்ளே போனால், கூட்டிப் பார்ப்பது யார்? அளவே அச்சிடாதபோது கூட்டுவதுதான் எப்படி?

சர்க்கரையை மட்டும் எண்ணினால்

உலகம் முழுதும் அரசுகள் சர்க்கரையைக் குறைக்க விதிகள் போடுகின்றன. நோக்கம் நல்லது. சர்க்கரையை மட்டும் எண்ணும் விதி வந்தால், நிறுவனங்கள் சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்பூட்டியைப் போடும். மக்கள் இனிப்புக்கு அடிமைப்பட்டிருப்பது அப்படியே இருக்கும்.

பிரிட்டனில் 2018 ஏப்ரலில் குளிர்பானச் சர்க்கரை வரி வந்தது. 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரையைத் தொட்டால் வரி. வரி வரும் முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், ஸ்காட்லாந்து மக்களின் செல்லப் பானமான ஐயர்ன்-ப்ரூவின் சர்க்கரை 10.3 கிராமில் இருந்து 4.7 கிராமாகக் குறைக்கப்பட்டு இனிப்பூட்டி சேர்க்கப்பட்டது. மக்கள் கொதித்தார்கள். பழைய பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். கையெழுத்து இயக்கம் நடந்தது. கடைசியில் 2019-ல் அந்த நிறுவனமே பழைய செய்முறையில் சர்க்கரை கூடிய ஒரு பானத்தைத் தனியாக இறக்கியது. காணை மீட்டரில் நாங்கள் பார்த்த 5-ஐயும் அந்த 4.7-ஐயும் சேர்த்துப் பாருங்கள். நாடு வேறு, கணக்கு ஒன்றுதான்.

இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு இருக்கிறது. 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ் என்றால் பச்சை. எளிய முறை. எழுத்துத் தெரியாதவருக்கும் நிறம் புரியும். ஆனால் இந்த நிறம் சர்க்கரையை மட்டும்தான் பார்க்கிறது. முழுக்க இனிப்பூட்டியால் செய்த பானமும் பச்சை வாங்கிவிடும்.

சிலி நாடு 2016-ல் சர்க்கரை கூடிய உணவுகளின் முகப்பில் கறுப்பு எண்கோண முத்திரை குத்தச் சொன்னது. சர்க்கரை குறைந்தது. கூடவே இனிப்பூட்டி சேர்த்த பொருள்கள் பெருகின. அதைப் பார்த்த மெக்சிகோ 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தன் விதியில் ஒரு வரியைச் சேர்த்தது. இனிப்பூட்டி சேர்த்த பொருள் என்றால், "இனிப்பூட்டி உள்ளது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல" என்று முகப்பிலேயே கறுப்புக் கட்டத்தில், அவர்கள் மொழியில் அச்சிட வேண்டும். நமக்கு வேண்டியது இதுதான்.

நம் விதிகள் என்ன சொல்கின்றன?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி இனிப்பூட்டிகளை அனுமதிக்கப்பட்ட உணவுகளில் மட்டும், வரம்புக்குள் சேர்க்கலாம். பெயரை உறையில் போட வேண்டும். ஆனால் உறையில் இருக்க வேண்டிய கட்டாய விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்தில் இந்தியில் இருந்தால் போதும். மாநில மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடை இல்லை, கட்டாயமும் இல்லை. விளம்பரம் மட்டும் தமிழில், எச்சரிக்கை ஆங்கிலத்தில் என்ற நிலை இதனால்தான். உரமூட்டையிலும் பூச்சிமருந்து டப்பாவிலும் தமிழ் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். பிள்ளை குடிக்கும் பாட்டிலுக்கும் கேட்க வேண்டாமா?

முகப்பு முத்திரை விஷயமும் இழுத்துக்கொண்டே போகிறது. 2022-ல் ஆணையம் நட்சத்திர மதிப்பீட்டு முறைக்கு வரைவு வெளியிட்டது. ஆற்றல், நிறைவுற்ற கொழுப்பு, மொத்தச் சர்க்கரை, சோடியம் ஆகியவை கூடினால் நட்சத்திரம் குறையும். இந்தக் கணக்கில் சர்க்கரையை எடுத்துவிட்டு இனிப்பூட்டி போட்டால் நட்சத்திரம் கூடும். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், முகப்பு முத்திரை பற்றிய பரிந்துரையை மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னது. முத்திரை எந்த வடிவில் வந்தாலும் இனிப்பூட்டியைக் கணக்கில் எடுக்காவிட்டால், சிலியில் நடந்ததே இங்கும் நடக்கும்.

பள்ளிகளுக்கான 2020 விதியும் இப்படித்தான். கொழுப்பு, உப்பு, சேர்த்த சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளிக்குள்ளும் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. இனிப்பூட்டி பானம் இந்த வலையின் ஓட்டை வழியே நழுவிவிட வாய்ப்பு இருக்கிறது. "குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படவில்லை" என்று நிறுவனமே அச்சடித்த பொருளைப் பள்ளி வாசலில் விற்க எந்த நியாயமும் இல்லை.

நம் பக்கமும் சுத்தமாக வேண்டும்

இதைப் படிக்கும் கரும்பு, பனை விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டில்காரர் உண்மை சொல்ல வேண்டும் என்று கேட்கும் நாம், நம் சரக்கைப் பற்றியும் உண்மை சொல்ல வேண்டும்.

வெல்லம் சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று சொல்லி விற்பது தவறு. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக உண்டு, அவ்வளவுதான். ரத்தச் சர்க்கரையை அது ஏற்றும். கருப்பட்டிக்கும் இதே எச்சரிக்கை. இதைவிடப் பெரிய சிக்கல் கலப்படம். வெல்லக் கொப்பரையில் வெள்ளைச் சர்க்கரை மூட்டையைக் கொட்டுவதும், மஞ்சளாகப் பளபளக்க ஹைட்ரோஸ் சேர்ப்பதும் நடக்கின்றன. பனைவெல்லத்தில் கரும்புச் சர்க்கரை கலக்கிறார்கள். கோடையில் சாலையோரத்தில் சாக்ரின் கலந்த போலிப் பதநீர் பற்றிய புகார்கள் எழுவதுண்டு. நரசிங்கனூர், பூரிகுடிசை பக்கம் விடியலில் மரம் ஏறிச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் நல்ல பதநீர் இறக்குபவரின் பிழைப்பை அந்தப் போலிதான் முதலில் கெடுக்கிறது.

நல்ல வெல்லம் கரும்பழுப்பாக இருக்கும் என்று வாங்குபவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் வேலை. பாகின் அழுக்கை எடுக்க வெண்டைச் செடிச் சாறு போதும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வெல்லம், பதநீர், கரும்புச் சாறு விற்றால், "கரும்புச் சாறு மட்டும், வெள்ளைச் சர்க்கரை சேர்க்கவில்லை, ஹைட்ரோஸ் இல்லை, சர்க்கரை நோயாளிகள் தவிர்க்கவும்" என்று முகப்பில் தமிழில் அச்சிடட்டும். பெரிய நிறுவனம் செய்யாததைச் சிறிய நிறுவனம் செய்துகாட்டினால், கேள்வி கேட்கும் உரிமை நமக்குக் கூடும்.

சீனித்துளசி பயிரிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். பராகுவே பகுதியில் இருந்து வந்த இந்தச் செடியின் இலைச் சாற்றில் இருந்து எடுக்கும் இனிப்பூட்டிக்கு 2015-ல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. செயற்கை அல்ல என்றாலும் இதற்கும் பின்சுவை உண்டு. இலையை விற்க, பிரித்தெடுக்கும் ஆலை அருகில் வேண்டும். உலகச் சந்தையில் சீனாவின் கைதான் ஓங்கியிருக்கிறது. எழுத்தில் கொள்முதல் ஒப்பந்தம் இல்லாமல், நாற்று விற்பவர் சொல்லும் வருமானக் கணக்கை மட்டும் நம்பி நடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

ஒன்று: இனிப்பூட்டி சேர்த்த எந்தப் பொருளாக இருந்தாலும், முகப்பில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், அந்தந்த மாநில மொழியில் அதன் பெயரும் மில்லிகிராம் அளவும் "குழந்தைகளுக்கு ஏற்றதல்ல" என்ற வரியும் வர வேண்டும். இதற்கு விதித் திருத்தம் வேண்டும். தமிழக அரசு மத்திய ஆணையத்திடம் இதை வலியுறுத்தலாம்.

இரண்டு: வரப்போகும் முகப்பு முத்திரையிலும் பள்ளி விதியிலும் சர்க்கரையோடு இனிப்பூட்டியையும் எண்ண வேண்டும்.

மூன்று: பழைய பெயரிலேயே விற்கும் பானத்தின் செய்முறையை மாற்றி இனிப்பூட்டி சேர்த்தால், மாற்றியதை முகப்பில் சில மாதங்களுக்காவது அறிவிக்க வேண்டும். அதே உறை, அதே பெயர், வேறு சரக்கு என்பது வாங்குபவரை ஏமாற்றுவதுதான்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாட்டிலைத் திருப்பி எண்களைப் பாருங்கள். 950 என்றால் அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்ரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசி. ஆங்கிலம் தெரியாதவருக்கும் எண் தெரியும். இந்த ஐந்து எண்களைக் காகிதத்தில் எழுதிச் சமையலறையில் ஒட்டுங்கள். பெயரோ எண்ணோ இல்லாமல் சந்தேகத்துக்கு இடமாக இனித்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதே சமயம், சர்க்கரைக்குத் திரும்புவது தீர்வு என்று நினைக்க வேண்டாம். ஒரு நாளைக்கு வேண்டிய ஆற்றலில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவே, அதாவது சுமார் 50 கிராமுக்குள், சேர்த்த சர்க்கரை இருக்க வேண்டும் என்று 2015-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. மோர், இளநீர், பானைத் தண்ணீர் ஆகியவற்றுக்கு எந்த எண்ணும் தேவையில்லை.

அன்று காணையில் அந்தப் பையன் மீதி பாட்டிலைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டான். அவர் வரப்பில் கொட்டினார். பிறகு ஒரு கரும்பை ஒடித்து, தோகையை நீக்கி அவன் கையில் கொடுத்தார். அந்தக் கரும்பின் இனிப்பு எவ்வளவு என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மீட்டரில் பார்த்திருந்தோம். வாங்கிய பாட்டிலைப் பற்றியும் அவனுக்கு அதே அளவு தெரிந்திருக்க வேண்டும், அதுவும் அவன் மொழியில்.